பத்தொன்பதாம் வாய்ப்பாடும் கேசரிப் பவுடரும்

விஜயநகர், மைசூரு
3 ஜூன் 2024

திரு. சுதர்ஷன் அவர்களுக்கு,

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். இனி எழுதப்போகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. கூடப்பிறந்த தம்பியை ‘அவர்களுக்கு’ என்று எழுதியதற்கு மரியாதை காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நானும் கனகாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். பேப்பரில் போட்டோ பார்த்தேன், கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. ‘கிருமி ஒட்டாத கதீட்டர்: புணேயில் மைசூரு விஞ்ஞானியின் சாதனை.’ மைசூருக்காரன் என்பது மட்டும் நிஜம். அந்த பாலிமர் பூச்சை முதன்முதலில் கலக்கியவன் யார்? என் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, ஒவ்வொரு ட்யூபாக முக்கி எடுத்தவன் யார்? நீ வாரம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்து, காய்ந்த ட்யூபுகளைப் பையில் போட்டுக்கொண்டு, மன்னி கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாய். கடைசியில் என் நோட்டையும் கொண்டுபோனாய்.

2012-இல் கட்டுரை வந்தது. உன் பெயர், உன் பேராசிரியர் பெயர். என் பெயர் எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில்: ‘உதவிகரமான உரையாடல்களுக்காக ஒய். நாராயணுக்கு நன்றி.’ யாரடா அந்த ஒய். நாராயண்? அப்பா எனக்கு யக்ஞநாராயணன் என்று பெயர் வைத்தார்.

ஒரு கேள்வி கேட்க வேண்டும். பூச்சு எதுவும் இல்லாத சாதாரண சிறுநீர் கதீட்டரில், உடம்புக்குள் வைத்த எத்தனையாவது நாள் கிருமி படலம் கட்டுகிறது? தொழில்முறையில் கேட்கிறேன். வேறு காரணம் ஏதும் இல்லை.

இப்படிக்கு,
டாக்டர் ம. யக்ஞநாராயணன், எம்.எஸ்சி., பிஎச்.டி.,
தரக்கட்டுப்பாட்டு மேலாளர் (டயர் ட்யூப் பிரிவு), ஹெப்பாள்


புணே
17 ஜூன் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

கவரைப் பார்த்ததும் உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. வருமான வரி நோட்டீஸைப் பிரிக்கிற பயத்தோடு பிரித்தேன். உள்ளே இருந்ததும் ஏறக்குறைய அதேதான். ஆனாலும் மூன்று தடவை படித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் நீ என்னோடு பேசிய முதல் பேச்சு இது.

எல்லோரும் சௌக்கியம். கன்னம் உப்பியது உண்மை. சுஷ்மா என்னைச் சப்பாத்தியில் நிறுத்திவிட்டாள், நெய் போட்டு.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கிவிடும். கிருமி வந்து ஒட்டும், தன்மேல் பிசினாக ஒரு கூடாரம் போட்டுக்கொள்ளும். அப்புறம் மருந்து உள்ளே போகாது. ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடும். உனக்குத் தெரியாததா? ஒட்டினால்தானே கூடாரம், ஒட்டவே விடக்கூடாது, ஒட்டுவதைக் குத்திக் கொல்லும் பாலிமர் வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீதானே. இதை ஏன் இப்போது கேட்கிறாய்?

கட்டுரை விஷயம். பேராசிரியர் முடிவு செய்தார், நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளியாக இருந்தேன். இதற்கு மேல் இதில் சமாதானம் கிடையாது. ஒய். நாராயண் மட்டும் அச்சகத்தின் கைங்கரியம்.

மன்னி எப்படி இருக்கிறாள்?

உன் தம்பி
சுதர்ஷன் (பட்டங்களைக் கவரில் இடம் இல்லாததால் விட்டுவிட்டேன்)


விஜயநகர், மைசூரு
2 ஜூலை 2024

சுதர்ஷனுக்கு,

இங்கே மழை. சௌக்கியம். கனகா சௌக்கியம். அவளைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பயந்தாங்கொள்ளி என்று நீயே எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிறகு மடித்து உள்ளே வைத்தேன். அதனால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதே. உன் கல்யாண ஆல்பத்தில் என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. என் சைக்கிளைக் கொண்டுபோய் லிங்காம்புதி ஏரிக் கரையில் விட்டுவிட்டு நடந்து வந்தாய். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடுப் போட்டியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி, மேடையில் ‘நானே கற்றுக்கொண்டேன்’ என்றாய். உனக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் அதை ஒரே மூச்சில் சொல்லுவேன் என்பதை மறந்துவிடாதே.

பேப்பரில் எல்லாம் வெற்றி வெற்றி என்று போட்டிருக்கிறார்கள். தரக்கட்டுப்பாட்டில் பதினோரு வருஷம் இருக்கிறவன் நான். இத்தனை வெற்றி இருந்தால் எங்கேயோ உரிகிறது என்று அர்த்தம். உரிகிறதா?

டாக்டர் ம. யக்ஞநாராயணன்


புணே
19 ஜூலை 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே யாவரும் நலம், என் பூச்சைத் தவிர.

உரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன பயன்? கிருமியைக் கொல்வதில் குறையே இல்லை. ட்யூபை வளைத்தால்தான் ஆபத்து. இருபது முப்பது தடவை வளைத்ததும் பூச்சில் விரிசல், அப்புறம் செதில். நோயாளி புரண்டு படுத்தாலே ட்யூப் வளையும். ஜனவரி 21 மதிப்பீட்டுக் குழு. இருநூறு தடவை வளைத்தும் உரியாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி. உரிந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அந்த முதல் கட்டுரையில் வந்த மாதிரிப் பூச்சு அப்புறம் எங்களுக்கு வரவே இல்லை. அவை நீ கையால் முக்கிய ட்யூபுகள். அதன்பின் மெஷின் வாங்கினோம். உன் நோட்டில் இருக்கும் கலவையை இருபது விதமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை.

இத்துடன் பன்னிரண்டு ட்யூபுகள் அனுப்புகிறேன். வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். உன் இஷ்டப்படி வளைத்து, முறுக்கி, திட்டிப் பார். இரண்டு பேர் வளைத்தால் ஒருத்தருக்காவது காரணம் புரியாதா?

சுதர்ஷன்


விஜயநகர்
18 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி சுதர்ஷனுக்கு மன்னி அநேக ஆசீர்வாதம். நீயும் சுஷ்மாவும் க்ஷேமம்தானே?

இந்தக் கடிதம் உன் அண்ணாவுக்குத் தெரியாது. வீட்டு வேலைக்கு வரும் லிங்கம்மாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் பார்சல் வந்த நாளிலிருந்து பாத்ரூம் எங்களுடையது இல்லை. பக்கெட்டில் உப்புத் தண்ணீர், அதில் கீசர் வெந்நீர், நடுவில் தெர்மாமீட்டர். ட்யூபைப் பக்கெட் பிடியில் சுற்றிச் சுற்றி வளைக்கிறார், பெரிசாக எண்ணுகிறார். அப்புறம் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரில் போடுகிறார். பூச்சு இருக்கிற இடத்தில் கலர் பிடிக்குமாம், உரிந்த இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்குமாம். என் கேசரிப் பவுடர் டப்பா காலி. வரலக்ஷ்மி விரதத்துக்குக் கேசரியே கிடையாது.

காயப்போடுவது துணிக்கொடியில். லிங்கம்மா கொள்ளேகாலத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. “ஏனுங்கம்மா, சாரு கலர் சேவை புழிஞ்சு காயப்போட்டிருக்காரே, இத்தன தடிமனா இருந்தா எப்பிடீங்க வேகும்?” என்றாள். அவர் காதில் விழுந்து, முறைத்து, அப்புறம் அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

நீ கேட்டும் அவர் சொல்லாததைச் சொல்கிறேன். மார்ச்சில் எனக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாக ஆயிற்று. ஆனால் சிறுநீர் ட்யூப் ஒன்பது நாள் இருக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் கிருமி ஏறிக் குளிர்ஜுரம். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, நர்ஸ் பெண் தங்கமானவள். உன் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால், “நாங்க பண்ணி வெச்சோமே, நாங்க பண்ணி வெச்சோமே” என்பார். அந்த ‘நாங்க’ என்ற வார்த்தையைப் பன்னிரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. படி ஏறுகிறேன், மேல்கோட்டை மலைக்கோவிலுக்குக்கூடப் போய்விட்டு வந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவராகச் சொல்லட்டும்.

ஆசீர்வாதம்,
கனகலக்ஷ்மி


புணே
1 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

அங்கே உடம்பெல்லாம் சௌக்கியமா? மன்னியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். பொதுவாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் நல்லதுதானே?

ட்யூப் என்ன சொல்கிறது? முக்கி எடுக்கும் விதத்தில் ஏதாவது படுகிறதா? நாங்கள் எதையும் மாற்றவில்லை. உன் நோட்டில், ‘முப்பது செண்டிமீட்டர் ட்யூபை ஒரு பத்தொன்பதாம் வாய்ப்பாடு நேரத்தில், ஒரே சீராக மேலே இழுக்கவும்’ என்று இருக்கிறது. அன்றைக்கு நானே வாய்ப்பாட்டைச் சொல்லி வாட்சில் பார்த்தேன், இருபத்திரண்டு வினாடி. மெஷினில் அதையே வைத்தோம். இன்றுவரை அதே இருபத்திரண்டு. கலவையில் கை வைக்காத மாணவன் இங்கே கிடையாது. அந்த இருபத்திரண்டை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. அது எங்க அண்ணா நோட்டில் இருப்பது, அதில் தப்பு இருக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
சுதர்ஷன்


புணே
5 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். தசராவுக்கு ஊரெல்லாம் லைட் போட்டிருப்பார்கள். ஒரு மாசமாகப் பதில் இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? இங்கே நேற்றுப் புதுக் கலவை ஒன்று போட்டோம், பதினெட்டாவது வளைப்பில் உரிந்தது. குழுவுக்கு இன்னும் மூன்றரை மாசம்தான்.

சுதர்ஷன்


விஜயநகர், மைசூரு
14 அக்டோபர் 2024

அன்புள்ள சுதர்ஷா,

சௌக்கியம். தசரா நன்றாக நடந்தது. ஜம்பூ சவாரி யானை ஊர்வலத்தை டிவியில் பார்த்தோம், வெளியே கால் வைக்க இடம் இல்லை.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆறு வாரம் எழுதவில்லை. தினமும் எழுத உட்காருவேன். பேனாவைத் திறப்பேன், மூடுவேன். உன் முதல் கடிதத்தில் ‘வாயைத் திறக்கவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துப் படித்தேன். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அதனால் சொல்கிறேன், சிரிக்காதே.

எனக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு சரியாக வராது.

ஒருநாளும் வந்ததில்லை. ஹத்தொம்பத்தொந்த்ல ஹத்தொம்பத்து, ஹத்தொம்பத்தெரட்ல மூவத்தெண்டு என்று நம் கன்னட வாத்தியார் தாளம் போட்டுச் சொல்லும்போது பின்னால் ஓடிப் பிடித்துக்கொள்வேன். தனியாகச் சொன்னால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். ஏழாவது வரியில் நிச்சயமாக நிற்பேன். நூற்று முப்பத்து மூன்று என்பது இந்த ஐம்பத்து நாலு வயசிலும் எனக்குச் சட்டென்று வராது. உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். நீ ஒரே வாரத்தில் என்னைத் தாண்டிப் போனாய். அந்த டிபன் பாக்ஸ் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

கல்லூரியில் முக்கும்போது வாட்சைப் பார்த்தால் கை ஆடியது. அதனால்தான் வாய்ப்பாடு. உதடு மட்டும் அசையும். ஏழில் வாய் நிற்கும், கை நிற்காது, அது பாட்டுக்கு மெதுவாக மேலே போய்க்கொண்டே இருக்கும். போன மாசம் பாத்ரூமில் நின்று சொல்லிப் பார்த்தேன். கனகா போனில் நேரம் வைத்தாள். எழுபத்தோரு வினாடி. மறுபடி சொன்னேன், எழுபது. “இதுக்கா ஒரே மூச்சு?” என்றாள். லிங்கம்மா வாசலில் நின்று, “சாரு யாருக்கு மந்திரம் போடறாரு?” என்கிறாள்.

இப்போது கணக்குப் போடு. நீ என்னைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக இழுத்திருக்கிறாய். வேகமாக இழுத்தால் ட்யூபோடு அதிகக் கரைசல் வரும். உன் பூச்சு என் பூச்சைப்போல் இரண்டு மடங்கு தடிமன். தடிமனான பூச்சு வளையாது, வெடிக்கும். கலவையில் குறை இல்லை, உன் மாணவர்களைத் திட்டாதே. நோட்டில் வினாடி எழுதாமல் வாய்ப்பாடு எழுதியது என் தப்பு. தம்பிக்கும் அதே நேரம்தான் ஆகும் என்று நினைத்ததும் என் தப்பு. அந்தக் காலத்தில் உனக்கும் எனக்கும் எதிலும் வித்தியாசம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எழுபது வினாடி வை. பழைய கலவை, என் நோட்டில் உள்ளபடி. சீக்கிரம்.

யக்ஞன்


புணே
18 நவம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம், நமஸ்காரம், நமஸ்காரம்.

எல்லோரும் சௌக்கியம், பூச்சு உட்பட!

உன் கடிதத்தைப் படித்துச் சிரிக்கவில்லை. பொய். சிரித்தேன், சுஷ்மா ஓடி வந்தாள், படித்தாள், அவளும் சிரித்தாள். அப்புறம் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன்.

எழுபது வினாடி வைத்தோம். நூறு தடவை வளைத்தோம், சாயத்தில் போட்டோம். ஒரு வெள்ளைக் கோடு இல்லை. இருநூறு, இல்லை. ஒரு மாணவன் நம்பாமல் முந்நூறு வரை போனான், அவன் விரல்தான் உரிந்தது. இரண்டு வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கிருமியை விட்டுப் பார்த்தோம். ஒட்டவில்லை. மூன்று முறை திரும்பச் செய்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன்.

மெஷினில் அந்த வேகத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். ‘அண்ணா’ என்று வைத்திருக்கிறேன். மராத்திக்காரர்கள் எல்லோரும் இப்போது இந்தியில் “அண்ணா மே டாலோ”, அண்ணாவில் போடு, என்கிறார்கள்.

நூற்று முப்பத்து மூன்று. ஞாபகம் வைத்துக்கொள்.

சுதர்ஷன்


புணே
23 ஜனவரி 2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். நீ அனுப்பிய எள்ளு பெல்ல கிடைத்தது. சங்கராந்தி தாண்டித்தான் வந்தது, எள்ளும் வெல்லமுமாக ஒரே நாளில் தீர்ந்தது.

21-ஆம் தேதி குழு கூடியது. அனுமதி கிடைத்துவிட்டது. ஜூனில் முதல் நோயாளிக்கு நம் கதீட்டர் போகும். குழுவில் ஒரு பெரிய டாக்டர், “இந்த எழுபது வினாடியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார். “ஏழாவது வரியில்” என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

இத்துடன் புதுக் கட்டுரை. முதல் பெயரைப் பார். எழுத்து எழுத்தாக நானே சரிபார்த்தேன், ஒய். நாராயண் எங்கேயும் இல்லை. கூடவே ஒரு படிவம். கட்டுரையாசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கடைசிப் பக்கத்து நன்றியையும் படித்துவிடு.

உகாதிக்கு வருகிறோம். பாத்ரூம் காலியாக இருக்குமா?

சுதர்ஷன்


விஜயநகர், மைசூரு
1 பிப்ரவரி 2025

டேய் சுதா,

எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன மார்ச்சில் கனகா சௌக்கியமாக இல்லை. கல் எடுத்தார்கள், ட்யூப் ஒன்பது நாள், கிருமி, ஜுரம். அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதை எழுத வராமல் கட்டுரையைப் பற்றி எழுதினேன். எனக்குச் சண்டை போட்டுத்தான் பேச்சைத் தொடங்கத் தெரியும். இப்போது அவள் என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறாள். சொல்லாமல் விட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கட்டுரையைப் படித்தேன். முதல் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். லிங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இங்கிலீஷுல இத்தன நீளமாங்க உங்க பேரு?” என்றாள். கடைசிப் பக்கமும் படித்தேன். ‘உதவிகரமான உரையாடல்களுக்காகத் திருமதி கனகலக்ஷ்மிக்கு நன்றி.’ அவளோடு நீ எப்போதடா உரையாடினாய்? கேட்டால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடினாள். ஒன்றும் தீயவில்லை, நான் போய்ப் பார்த்தேன். கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கலர் பவுடர் இன்னும் வாங்கவில்லையாம். வெள்ளைக் கேசரி. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

உகாதிக்கு வாருங்கள். பாத்ரூமைக் காலி செய்துவிட்டேன். வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவா. வாய்ப்பாடு என்று எழுதியிருக்கும் இடத்தில் வினாடியை என் கையால் எழுத வேண்டும். மற்ற பக்கம் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். ம. யக்ஞநாராயணன், முழுசாக, கோட்டுக்கு வெளியே போய்விட்டது, பரவாயில்லை. அது பத்திரிகைக்கும் அச்சகத்துக்கும் போவது.

இந்தக் கடிதத்துக்கும் போட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். என் பெயர் இல்லாத காகிதத்தைப் பன்னிரண்டு வருஷம் திட்டியவன் நான். கனகா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “கையெழுத்துப் போடலையா?” என்றாள்.

“எதுக்கு? யார் எழுதினதுன்னு அவனுக்குத் தெரியாதா?” என்றேன்.

மூன்று மணிக்குத் தபால்பெட்டியைத் திறப்பார்கள். இப்படியே ஒட்டிப் போடப்போகிறேன்.